அப்பா படத்தோடு நீ போட்ட வரி

கோச்சடை, மதுரை.
வெள்ளிக்கிழமை மதியம்.

அன்பு மகன் விஜய்ஆனந்துக்கு,

அம்மா ஆசியுடன் எழுதுவது. நீயும் பிருந்தாவும் அந்தக் குளிரில் காய்ச்சல் சளி இல்லாமல் சௌக்கியமாக இருக்க வேண்டுமென்று மீனாட்சியை வேண்டிக்கொண்டு ஆரம்பிக்கிறேன். இங்கே நாங்களும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் அப்பாவை நினைத்தால் அந்தச் சொல்லை முழுசாக எழுதக் கை வரவில்லை, பாதி நலம் என்று வைத்துக்கொள். போனிலேயே அனுப்பியிருக்கலாமே, எதற்கு இந்தக் காகிதமும் தபாலும் என்று கேட்பாய். போனில் எழுதினால் நீ டப்ளினில் ரயிலில் நின்றுகொண்டே பார்த்துவிட்டு ஒரு கட்டைவிரலைப் போட்டு முடித்துவிடுவாய். காகிதத்துக்குக் கட்டைவிரல் போட முடியாது, உட்கார்ந்துதான் வாசித்தாக வேண்டும். அப்பா சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறார், அவர் எழுந்திருப்பதற்குள் முடிக்கப் பார்க்கிறேன்.

வீட்டுச் செய்தி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மோட்டார் மறுபடியும் மக்கர் பண்ணியது, ஆள் வந்து சரிபார்த்துவிட்டுப் போனார். வைகையில் தண்ணீர் விட்டிருப்பதால் நம் போரிலும் கொஞ்சம் ஏறியிருக்கிறது, அந்தமட்டும் நிம்மதி. எனக்கு முழங்கால் வலி கூடியிருக்கிறது, அப்பாவைக் கட்டிலிலிருந்து எழுப்பி நிறுத்தும்போது அவர் பாரம் முழுவதும் என் இடது பக்கம்தான் இறங்குகிறது. டாக்டரிடம் காட்டினாயா என்று கேட்காதே, டாக்டரிடம் போக வேண்டுமென்றால் இங்கே யாரை உட்கார வைத்துவிட்டுப் போவது. பிருந்தா அனுப்பிய தைலம் வந்தது, வாசனை நன்றாக இருக்கிறது, வலிக்கு நம் ஊர் எண்ணெய்தான் கேட்கிறது என்று அவளிடம் சொல்லாதே, பாவம், ஆசையாக அனுப்பியிருக்கிறாள்.

இப்போது அந்த பிளாக் விஷயத்துக்கு வருகிறேன். நீ அதை ஆரம்பித்துக் கொடுத்தபோது நல்ல மனதோடுதான் செய்தாய், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. போன ஆடியில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போனபிறகு, வீட்டில் பேச ஆளில்லாமல் நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று நீதான் யோசித்து, அம்மா எழுதும்மா, யாராவது வாசிப்பார்கள் என்று சொன்னாய். எழுதினேன். அவரைப் புரட்டிப் படுக்க வைப்பது எப்படி, கஞ்சியை எவ்வளவு கெட்டியாகக் கொடுத்தால் புரையேறாது, சட்டையில் எந்தக் கையை முதலில் நுழைக்க வேண்டும், இதையெல்லாம்தான் எழுதினேன். வாசித்தவர்கள் நீ, பிருந்தா, உன் ஹம்சவேணி அத்தை, அப்புறம் யாரோ பத்துப் பேர். எனக்கு அது போதுமாக இருந்தது. உனக்குத்தான் போதவில்லை. எழுதுவது பாதி வேலைதான், கொண்டுபோய்ச் சேர்ப்பது மீதி என்று சொல்லி, நீ ஆபீஸில் சோப்புக்கும் ஷாம்புக்கும் செய்கிற வேலையை அம்மாவுக்கும் செய்ய ஆரம்பித்தாய்.

நீ சொன்னதையெல்லாம் செய்தேன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன், அப்புறம் அம்மா முயற்சியே பண்ணவில்லை என்று சொல்லக்கூடாது. பேஸ்புக்கில் போடு என்றாய், போட்டேன். ஸ்டேட்டஸில் வை என்றாய், தினமும் வைத்தேன். தெரு குரூப்பில் லிங்க் போட்டேன், கார்ப்பரேஷன் தண்ணீர் வருகிறதா இல்லையா என்று எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்கிற நேரம் பார்த்துப் போட்டுவிட்டேன், செகரட்டரி வந்து, "அக்கா, தண்ணி வந்தா வந்துச்சு, வரலன்னா வரலன்னு மட்டும் போடுங்க, மத்ததெல்லாம் வேண்டாம்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். ரீல்ஸ் எடு என்றாய், அப்பாவுக்கு ஊட்டுகிற கையால் போனையும் பிடிக்க வேண்டுமா என்று உன்னைத் திட்டினேன், ஆனாலும் ஒன்று எடுத்தேன், அதில் ஸ்பூனும் என் வளையலும்தான் தெரிந்தன. ஒரு கட்டுரை எழுத எனக்கு ஒரு மதியம் போதும். அதை நாலு பேர் கண்ணில் படவைக்க வாரம் முழுவதும் ஓட வேண்டியிருந்தது. கடை திறந்து வைத்துவிட்டு வாசலில் நின்று வாங்க வாங்க என்று கூப்பிடுகிற வேலை அது. உன் அப்பா ஜவுளிக்கடையில் நாற்பது வருஷம் அதைச் சந்தோஷமாகச் செய்தார், அவருக்கு அது வரும். எனக்கு வராது, வாய் வலிக்கிறது.

அப்படி எழுதிக்கொண்டிருக்கையில்தான் ஒருநாள் மனசு சரியில்லாமல் அந்த நீளமான கட்டுரையை எழுதினேன். காலையில் எழுந்ததிலிருந்து என்னவெல்லாம் ஓடுகிறது என்று மறைக்காமல் எழுதினேன். அதில் ஓரிடத்தில், சில காலைகளில், பக்கவாதம் வந்த அன்றைக்கே எல்லாம் முடிந்திருந்தால் அவருக்கும் நல்லது எனக்கும் நல்லது என்று தோன்றும் என்று எழுதியிருந்தேன். அடுத்த வரியிலேயே, பிறகு இடது கையால் காபி டம்ளரைத் தானாகவே பிடித்துக் குடித்துவிட்டு என்னைப் பார்த்து ஒரு பார்வை பார்ப்பார், அந்த நினைப்பு வெட்கப்பட்டு ஓடிவிடும் என்றும் எழுதியிருந்தேன். இரண்டும் நிஜம்தான் தம்பி, எழுதியதற்காக நான் வருத்தப்படவில்லை. நம் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம், எழுதுவது என்றால் தமிழ். வீட்டுப் பேச்சில் இப்படி ஒரு வார்த்தையை வாய்விட்டுச் சொல்லவே எனக்கு வராது. தமிழில் எழுதும்போது அது வெளியே இருப்பவர்களிடம் சொல்கிற மாதிரி இருந்தது, வீட்டுக்குள் வராது என்று ஏதோ ஒரு நம்பிக்கை. அப்பாவும் படுத்ததிலிருந்து தானாகப் பேப்பரைத் தொடவில்லை அல்லவா.

நீ என்ன செய்தாய், முதல் வரியை மட்டும் வெட்டி எடுத்தாய். காபி டம்ளரை விட்டுவிட்டாய். கேட்டதற்கு, அந்த வரிதான் ஆளை நிறுத்தும், நின்றவர்கள் உள்ளே வந்து மீதியை வாசிப்பார்கள் என்று சொன்னாய். அப்பா முதல்முறை வாக்கர் பிடித்து வாசல் கேட் வரைக்கும் நடந்த அன்று, உனக்குக் காட்ட வேண்டுமே என்று ஓடிப்போய்ப் போனை எடுத்து ஒரு படம் எடுத்து அனுப்பினேனே, அந்தப் படத்தை எடுத்துக் கழுத்துக்குக் கீழே வெட்டிக் கருப்பு வெள்ளையாக்கி, மேலே அந்த வரி, கீழே நாகசுப்பிரமணியன் என்று பெரிதாகப் பெயர், அவர் மனைவி வசுந்தரா எழுதுகிறார் என்று பொடி எழுத்தில், அதற்கும் கீழே தேதி, இப்படிக் கார்டு என்று ஒன்று செய்தாய். எல்லோரும் எழுந்ததும் போனைப் பார்க்கிற நேரம் என்று கணக்குப் பண்ணி, அங்கிருந்தே விடிகாலையில் நம் சமூக குரூப்பில் போட்டுவிட்டாய். ஏன்டா, நம் ஆட்கள் குரூப்பில் விடிகாலையில் கருப்பு வெள்ளைப் படமும் பெயரும் தேதியுமாக என்ன வரும் என்று உனக்குத் தெரியாதா? அங்கே போய் எத்தனை வருஷமானாலும் அதுகூடவா மறந்துபோகும்?

பால் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு உள்ளே வருகிறேன், போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. குரூப்பைத் திறந்தால் வரிசையாக ஓம் சாந்தி, ஆழ்ந்த இரங்கல், கை கூப்பின பொம்மை. யாரும் லிங்க்கைத் தொடவில்லை, யாரும் அந்த வரியைக்கூட வாசிக்கவில்லை, படத்தைப் பார்த்தார்கள், போட்டார்கள், போனார்கள். நமக்கு நெருங்கியவர்களே போட்டிருந்தார்கள். உன் அத்தை போன் பண்ணி என்னை ஒரு வார்த்தை பேசவிடாமல், "அண்ணி, எப்ப ஆச்சு, எம்புட்டு நேரம் ஆச்சு, கூடப் பொறந்தவ நான், எங்கிட்ட ஏன் சொல்லல" என்று அழுகிறாள். அவர் இதோ இங்கே உட்கார்ந்து பல் தேய்க்கிறார் ஹம்சா என்று சொல்லி முடிப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. அப்புறம் அவள் அந்த வரியை வாசித்திருக்கிறாள். அன்றைக்கு வைத்த போன்தான், இன்றுவரை எடுக்கவில்லை.

இதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. அப்பாவோடு கடையில் வேலை பார்த்த சாய்பிரசாத் அண்ணன், லிங்க் எல்லாம் பார்க்கத் தெரியாத மனுஷன், நேராகப் பூக்கடைக்குப் போய்ப் பெரிய ரோஜா மாலையாக வாங்கிக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கிவிட்டார். செருப்பைத் தெருவிலேயே கழற்றிவிட்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, மாலையும் கையுமாக உள்ளே வருகிறார். அப்பா ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அண்ணன் மாலையைப் பின்னால் மறைக்கப் பார்த்தார், அந்த மாலை எங்கே மறையும். உன் அப்பா சிரித்தார் விஜி. படுத்த பிறகு அவர் சத்தம்போட்டுச் சிரித்து அன்றைக்குத்தான் கேட்டேன். வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார், கழுத்தை நீட்டிப் போடு என்று சைகை காட்டினார். அண்ணன் அவர் காலடியில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதுவிட்டார், "மாப்ள, என்னை மன்னிச்சிரு மாப்ள, போன்ல போட்டிருந்துச்சு" என்றார். அப்பா இடது கையை நீட்டி அந்தப் போனைக் கேட்டார்.

நான் கிச்சனில் காபி கலந்துகொண்டிருந்தேன், தடுக்க ஓடி வருவதற்குள் வாங்கிவிட்டார். பேச்சுப் பயிற்சிக்காகச் சமயநல்லூரிலிருந்து வருகிற அஸ்வினி, வாரக்கணக்கில் அவரைப் பேப்பர் தலைப்பு வாசிக்க வைத்துக்கொண்டிருந்தாள், எழுத்தெழுத்தாகக் கூட்டி இரண்டு மூன்று வார்த்தை வரைக்கும் வந்திருந்தார். அன்றைக்கு அந்த வரியை முழுதாக வாசித்தார். அன்றைக்கே, எல்லாம், முடிந்திருந்தால் என்று ஒவ்வொன்றாக நிறுத்தி, தப்பில்லாமல், சத்தமாக. கடைசிவரை வாசித்துவிட்டுக் கீழே என் பெயரையும் வாசித்தார். நான் காபியோடு நின்றுகொண்டே இருந்தேன். சாய்பிரசாத் அண்ணன் மாலையை எடுத்துக்கொண்டு எப்போது கிளம்பினார் என்றே தெரியாது, காபிகூடக் குடிக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் வாயைத் திறக்கவே இல்லை. கோபமாகத் தட்டைத் தள்ளியிருந்தால் தேவலை, அதுவும் இல்லை. கொடுத்ததைச் சாப்பிட்டார், திருப்பினால் திரும்பினார். அஸ்வினி வந்து பேப்பரைப் பிரித்தால் கண்ணை மூடிக்கொண்டார். அவள் சின்னப் பெண், பயந்துவிட்டாள், என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இந்த மாசங்கதான்மா முக்கியம், இப்ப விட்டுட்டா அப்புறம் நம்ம இழுத்தாலும் பேச்சு வராது, எப்பிடியாச்சும் பேச வைங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த வாரம்தான் நீ போன் பண்ணி அம்மா ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறார்கள், இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது, அடுத்த கார்டுக்கு ஒரு வரி அனுப்பு என்று சந்தோஷமாகச் சொன்னாய். உன் சந்தோஷத்தைக் கெடுக்க மனமில்லாமல் சரி சரி என்று வைத்துவிட்டேன். அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது என்று உன்னிடம் சொல்லவில்லை. சொல்லத் தெம்பில்லை என்பதுதான் நிஜம்.

அந்த ஆயிரம் பேரில் நல்லதும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். எழுமலையிலிருந்து ரெங்கம்மாள் என்று ஒரு பெண், அவள் வீட்டுக்காரரும் இதேபோல்தான் கிடக்கிறார், யாரோ அனுப்பிய உன் கார்டைப் பார்த்துவிட்டு மகளை விட்டு மீதி எல்லாவற்றையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். குரலில் பேசி அனுப்பியிருந்தாள், "யக்கா, நீங்க எழுதுனது அம்புட்டும் எங்க வீட்டுக் கததேன், முதுகுல புண்ணு வராம எப்பிடித் திருப்பிப் போடுறதுன்னு இன்னொருக்கா சொல்லுங்க" என்று. அவளுக்கு நான் பதில் பேசி அனுப்பியிருக்கிறேன். நீ கார்டு போட்டிராவிட்டால் அவள் என்னிடம் வந்திருக்க மாட்டாள், அது எனக்குத் தெரியும். அதனால்தான் உன்னை முழுசாகக் கோபிக்கவும் முடியவில்லை, கோபிக்காமல் இருக்கவும் முடியவில்லை, இரண்டுக்கும் நடுவில் கிடந்து அலுத்துப் போகிறது.

போன செவ்வாய்க்கிழமை வருவது வரட்டும் என்று அவர் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கட்டுரை முழுவதையும் வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டிருந்தார், கேட்கிறாரா இல்லையா என்று தெரியவில்லை, நான் பாட்டுக்கு வாசித்தேன். காபி டம்ளர் வந்த இடத்தில் கண்ணைத் திறந்தார். முடித்த பிறகு நான் அழுதேன், அவர் என் முழங்காலைத் தடவிக் கொடுத்தார், அந்த வலிக்கிற முழங்காலைத்தான். என்மேல் அவருக்குக் கோபமே இல்லை விஜி. நான்தான் இத்தனை நாள் அப்படி நினைத்துச் செத்துக்கொண்டிருந்தேன். பிறகு ஏன் பேசவில்லை என்று நம் பேச்சிலேயே கேட்டேன். வெகுநேரம் வாயைக் கோணிக்கொண்டு முயன்றார். நான் எடுத்துக் கொடுக்காமல் காத்திருந்தேன், அஸ்வினி அப்படித்தான் இருக்கச் சொல்லியிருக்கிறாள். கடைசியில் வந்தது. "விஜி... படம் போட்டான். பேச்சு... பேசல."

முதலில் எனக்குப் பிடிபடவில்லை. பிறகு உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். அவர் படுத்தபோது வந்து ஒரு வாரம் இருந்துவிட்டு நீ திரும்பிப் போனதிலிருந்து, எனக்குப் போன் பண்ணாத வாரம் கிடையாது. பிளாக்கைப் பற்றி, ஃபாலோயர் பற்றி, எந்த நேரத்தில் போட வேண்டும் என்பது பற்றி எவ்வளவோ பேசியிருக்கிறோம். அப்பா எப்படி இருக்கிறார் என்று என்னிடம் கேட்பாய், நான் சொல்வேன். வீடியோவில் அவர் பக்கம் காட்டினால் கையை ஆட்டுவாய், அவரும் ஆட்டுவார், உடனே அம்மாவிடம் கொடுங்கள் என்பாய். அவரிடம் பேசினால் பதில் வர நேரமாகிறது, அந்த மௌனத்தை உன்னால் தாங்க முடியவில்லை, எனக்குப் புரிகிறது, எனக்கும் ஆரம்பத்தில் அப்படித்தான் இருந்தது. ஆனால் அவர் அப்படி நினைத்துக்கொள்ளவில்லை. தெரு முனையில் நிற்கிற ஆளிடமும் நாலு வார்த்தை பேசாமல் வராத மனுஷன். பெற்ற மகன் தன் படத்தை ஊர் முழுக்க அனுப்பிவிட்டு, தன்னிடம் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை என்று அவருக்குக் குறை.

அந்தக் கார்டை எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிடு. போனது போய்விட்டது, உன் கையில் இருப்பதையாவது எடு. பிளாக்கை மூட வேண்டாம், நான் எழுதத்தான் போகிறேன், ரெங்கம்மாளுக்கு இன்னும் எவ்வளவோ சொல்ல வேண்டியிருக்கிறது. எழுதியதை முதலில் அப்பாவுக்கு வாசித்துக் காட்டுவேன், அவர் வேண்டாம் என்று கையை ஆட்டுகிற இடத்தை அடித்துவிடுவேன், நேற்றே ஒரு பாரா போய்விட்டது, எனக்கு அது பிடித்த பாரா, பரவாயில்லை. புது வாசகர்கள் வந்தால் வரட்டும், வாசலில் நின்று கூப்பிட மட்டும் இனி என்னைச் சொல்லாதே. அத்தையிடம், அஸ்வினி இங்கே இருக்கிற நேரமாகப் பார்த்து, நானே நேரில் போய்ப் பேசிக்கொள்கிறேன், அதில் நீ தலையிடாதே, இன்னும் சிக்கலாகும்.

அப்பா புரண்டு படுக்கிறார், எழுந்துவிடுவார். நீயும் பிருந்தாவும் நீண்ட ஆயுளோடும் நிறைந்த மனதோடும் இருக்க வேண்டும், குலதெய்வம் கூடவே இருக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு, அவளையும் கவனித்துக்கொள். ஒன்றே ஒன்று மறக்காதே. இது கையில் கிடைத்த ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, என் போனுக்கு இல்லை, அப்பா போனுக்கு. அவர் இடது கைக்கு எட்டுகிற மாதிரி வைத்துவிட்டு நான் மாடிக்குத் துணி எடுக்கப் போய்விடுவேன். உனக்காக அவரிடம் நான் ஒன்றும் சொல்லி வைக்கவில்லை, நீயே சொல்லிக்கொள். எடுப்பதற்கு நேரமாகும். எடுத்த பிறகும் முதல் வார்த்தை வருவதற்கு ரொம்ப நேரமாகும். வைத்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா
நா. வசுந்தரா